உட்கார வைத்துச் சோறு போடுவது

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் சாலையில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி வரும். அங்கே சிவன் படுத்திருக்கிறார். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை விழுங்கிவிட்டு, மயக்கம் வந்து, பார்வதி மடியில் தலை சாய்த்த கோலம் என்கிறது தலபுராணம். பெயர் பள்ளிகொண்டீஸ்வரர். சுருண்டு படுத்த இடம் என்பதால் சுருட்டப்பள்ளி என்று ஊர்க்காரர்கள் பெயர்க் காரணமும் சொல்வார்கள். கோயிலில் கூட்டம் நெரிவது பிரதோஷத்தன்று. மயக்கம் தெளிந்த சிவன் எழுந்து, நந்தியின் இரு கொம்புக்கும் நடுவே ஆடிய நேரம் அது என்பது நம்பிக்கை.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர். மச்சாவதாரக் கோலத்தில் வேதநாராயணப் பெருமாள் இருக்கும் ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. பக்கவாதத்தை இங்கே ‘பட்சவாதம்’ என்பவர்களும் உண்டு, ‘கை கால் விழுந்துடுச்சு’, ‘ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு’ என்பவர்களும் உண்டு. எந்த மொழியில் சொன்னாலும் அதற்கடுத்து வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபது தாண்டிய பெரியவர். வேர்க்கடலை போட்டுப் பிழைத்தவர். மூன்று மாதம் முன்பு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்தன. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது ஊன்றுகோல் பிடித்துக் கொல்லைப்புறம் வரை போய் வருகிறார். காலையில் அரை மணி நேரம் பயிற்சியும் செய்கிறார். அவரைக் கேட்டால், ‘எக்ஸர்சைஸ் எல்லாம் கரெக்டா பண்றேன்’ என்பார். பொய்யில்லை.

பயிற்சி முடிந்ததும் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி. காபி நாற்காலிக்கு வரும். இட்லி வரும். பேப்பர் வரும். வெயில் ஏறினால் நாற்காலி உள்ளே போகும். அவரும் கூடவே உள்ளே போவார். சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், டிவி, மறுபடி திண்ணை, மறுபடி டிவி, இரவு இட்லி, படுக்கை. தண்ணீர் குடிக்க எழுந்தால் மகள் ஓடி வருவாள்: ‘நைனா, நீ ஒக்காரு. நான் கொண்டாந்து தரேன்.’

தமிழில் ஒருவரை மதித்துப் பேணுவதற்கு ‘உட்கார வைத்துச் சோறு போடுவது’ என்றே ஒரு வழக்கு இருக்கிறது. ‘கடைசி வரைக்கும் உன்னை உக்கார வச்சு சோறு போடுவேன்’ என்று மகன் சொன்னால் அம்மாவுக்குக் கண் கலங்கும். ஆயுள் முழுக்க வெயிலில் நின்று உழைத்த குடும்பங்களில் உட்காருவதே உயர்ந்த வரம். அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கவாதம் வந்த உடம்பு அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

பயிற்சி வேறு, உட்காருதல் வேறு

உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதும் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். இப்போது ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

உடம்பு சும்மா இருக்கும்போது ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. இதை 1 மெட் என்பார்கள். விழித்திருக்கும் நேரத்தில், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட்டுக்கு மேல் போகாமல் கழிவதெல்லாம் அமர்ந்த நேரம். தூக்கம் இந்தக் கணக்கில் சேராது. ஆக, காலையில் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் நாற்காலியில் கழிக்கும் நம் பெரியவர், பயிற்சிக் கணக்கில் தேறிவிடுவார்; அமர்ந்த நேரக் கணக்கில் தேற மாட்டார்.

உட்காரும் தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டியது லண்டன் பேருந்து. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாளெல்லாம் உட்கார்ந்து வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பேருந்து ஒன்று, நிறுவனம் ஒன்று. இருக்கை இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே அந்த வித்தியாசம்.

பக்கவாதம் வந்தவர்களின் நாளை முதலில் கவனமாகப் பார்த்தவர்களில் ஒருவர் ஜூலி பெர்ன்ஹார்ட். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 5 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்து 14 நாள் தாண்டாத 58 பேரைப் பகல் முழுக்க 10 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் குழு எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டது. 2004இல் முடிவு வெளியானது. பகல் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கை. கால்வாசிக்குச் சற்று அதிகம் நாற்காலி. உடம்பு தேறுவதற்கு உதவும்படியான அசைவு 13 சதவீத நேரம்தான். பகலில் 60 சதவீத நேரம் பக்கத்தில் யாருமே இல்லை. பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்த மருத்துவமனைகளில் கண்ட நிலை இது.

வீட்டுக்குப் போன பிறகு? அதே நாட்டில் கோரலி இங்கிலிஷ் குழு, பக்கவாதத்திலிருந்து மீண்டு வீட்டில் வாழ்பவர்களின் தொடையில் சிறிய அளவுகருவியை ஒட்டி அனுப்பியது. கருவி பொய் சொல்லாது. தொடை கிடையாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார், நிமிர்ந்தால் நிற்கிறார். அவர்கள் நாளுக்குச் சராசரியாக 10.9 மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாதம் வராதவர்கள் 8.2 மணி நேரம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கணக்கொன்றில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்தவர்கள் நாளுக்குச் சராசரியாக எடுத்துவைத்தது சுமார் 4,000 அடி.

கையிருப்பும் செலவும்

ஏன் இப்படி உட்கார்ந்துவிடுகிறார்கள்? சோம்பல் என்று வீட்டார் சில சமயம் சலித்துக்கொள்வதுண்டு. கணக்கைப் பார்த்தால் அந்தச் சலிப்பு போய்விடும்.

ஒருவர் மூச்சு முட்ட உழைக்கும்போது உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதுதான் அவர் கையிருப்பு. பக்கவாதம் வந்தவர்களை அளந்த ஆய்வுகளில் இது கிலோவுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 22 மில்லிலிட்டர் வரை இருந்தது. வீட்டுக்குள் சிறு வேலை செய்ய ஏறத்தாழ 10.5 வேண்டும், பாரமான வேலைக்கு 17.5. கையிருப்பு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பதும் குளிப்பதுமே அவருக்கு முக்கால் பங்கைத் தின்றுவிடும். போதாததற்கு, இழுத்து இழுத்து நடக்கும் நடைக்கு நல்ல நடையைவிட ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். வரவு சுருங்கிவிட்டது, செலவு ஏறிவிட்டது. பாத்ரூம் போய்வந்ததும் அவர் மூச்சிரைத்து உட்காருவது நடிப்பில்லை.

உட்கார உட்காரக் கையிருப்பு இன்னும் கரையும் என்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966இல் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். எந்த நோயும் இல்லாதவர்கள். மூன்று வாரத்தில் அவர்களது கையிருப்பு கால்பங்குக்கு மேல் இறங்கியது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்து அளந்தபோது, 30 ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. இருபது வயதுக் காளைகளுக்கே இந்த நிலை என்றால், அறுபதைக் கடந்து ஒரு பக்கம் விழுந்தவருக்கு எப்படி இருக்கும்?

தசைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்புக்குப் பின்னாலும் இருக்கின்றன. எழுந்து நின்றால் அவை இறுகுகின்றன; இறுகும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் இழுத்துக்கொள்கின்றன; கெண்டைக்கால் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்ததும் இந்த வேலையெல்லாம் நின்றுவிடுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருக்கும். அடுத்த அடைப்பு வராமல் தடுக்க வேண்டிய இடம் இது. கோரலி இங்கிலிஷ் குழுவே இன்னொரு சிறு சோதனை செய்தது. பக்கவாதம் வந்த 19 பேரை ஒரு நாள் 8 மணி நேரம் ஒரேயடியாக உட்கார வைத்தார்கள். மற்றொரு நாள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து 3 நிமிடம் நின்றபடி லேசான பயிற்சி. எழுந்து எழுந்து உட்கார்ந்த நாளில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 3.5 குறைந்திருந்தது. மாத்திரைக்கு மாற்று என்று இதை நினைக்கக் கூடாது. மாத்திரையோடு சேர்ந்து வரும் லாபம்.

கடைசியாக மூளை. 1996இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் கையை ஆளும் பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிப் பார்த்தார். பயிற்சி தராமல் விட்ட குரங்குகளில், சேதத்துக்குப் பக்கத்திலிருந்த நல்ல பகுதியும் கையைக் கைவிட்டது. கையைப் பயன்படுத்த வைத்த குரங்குகளில் அந்தப் பகுதி கைக்கே நிலைத்தது. சிலவற்றில் பக்கத்து இடங்களையும் பிடித்துக்கொண்டது. புறம்போக்கு நிலத்தைப் போலத்தான் மூளை. உழுகிறவன் கைக்கு நிலம் போகும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: கை அசையக்கூடிய நிலைக்குத் திரும்பிய பிறகும், அதைப் பயன்படுத்தாமலே பழகிவிட்டால் மூளை அதை மறந்துவிடும். நல்ல கையால் எல்லாவற்றையும் முடித்துக்கொள்பவரும், பிறர் ஊட்டிவிடச் சாப்பிடுபவரும் இந்த மறதியைத்தான் நாளுக்கு மூன்று வேளை பயில்கிறார்கள்.

விடிவதற்குள் எழுப்பலாமா?

அப்படியானால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தூக்கி நிறுத்திவிடலாமே? ஜூலி பெர்ன்ஹார்ட் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஏவெர்ட் என்ற பெயரில் 5 நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனை அவருடையது. பாதிப் பேரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிகமாகவும் அடிக்கடியும் நடமாட வைத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2015இல் முடிவு வந்தபோது பலர் திகைத்தார்கள். மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள், அவசரமாக எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அவசரம் உதவவில்லை, கொஞ்சம் கெடுத்தது.

அதோடு விட்டிருந்தால் ‘பார்த்தீர்களா, படுத்திருப்பதே நல்லது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே தகவல்களை மறுபடி அலசியபோது இன்னொன்று தெரிந்தது. ஒருமுறை எழுந்தால் நெடுநேரம் என்பது கெடுதலின் பக்கம் சாய்ந்தது. சின்னச் சின்னதாக, நாளில் பல முறை என்பது நன்மையின் பக்கம் சாய்ந்தது. முதல் நாளில் ஓய்வுக்கு இடம் உண்டு. விஷம் இறங்கும் வரை மடியில் தலை வைக்கலாம். எப்போது எழுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதன் பிறகு, மலைபோல ஒரு தரம் செய்வதைவிட மிளகு மிளகாகப் பல தரம் செய்வது மேல்.

வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமா?

நம் நாட்டில் இயன்முறை மருத்துவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். பக்கவாதம் நாகலாபுரத்துக்கும் வருகிறது. வாரம் மூன்று நாள் ஆட்டோவும் பஸ்ஸும் பிடித்துப் போக எத்தனை வீட்டால் முடியும்? போகிறவர் ஒருவர், கூடப் போகிறவர் ஒருவர். இரண்டு பேர் கூலி போய்விடும். அந்த இடைவெளியில்தான் புறா ரத்தம் தேய்ப்பதும், பத்தியம் போட்டுப் பல நாள் படுக்க வைக்கும் வைத்தியமும் வந்து உட்காருகின்றன.

வேலை தெரிந்தவரைப் பிடிக்க முடியாவிட்டால் வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிடலாமே என்ற யோசனையை, இந்தியா உலகத்துக்காகச் சோதித்துப் பார்த்தது. அட்டெண்ட் என்று பெயர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியனும் சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்னின்றார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதி வீடுகளில், பராமரிப்பவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி தொடங்கி வீட்டிலும் 2 மாதம் வரை தொடர்ந்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழ் முடிவை வெளியிட்டது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பக்கம் 47 சதவீதம். பெறாத பக்கமும் 47 சதவீதம்.

அமர்ந்த நேரத்தைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீடும் உற்சாகமாக இல்லை. 10 ஆய்வுகள், 753 பேர். எந்த வழியால் இவர்கள் குறைவாக உட்காருவார்கள் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

இவற்றை மறைத்துவிட்டு ‘எழுந்தால் எல்லாம் சரியாகும்’ என்று எழுதுவது ஏமாற்று. என் கணிப்பு இது: கற்றுக்கொடுத்த பயிற்சி நாளின் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. மிச்ச நாளை ஆளுவது பயிற்சித் தாள் இல்லை. நாற்காலி எங்கே கிடக்கிறது, தண்ணீரை யார் கொண்டுவருகிறார், வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறை எந்த மூலையில் என்பவை. இவற்றோடு மனமும் சேரும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஒரு தரம் விழுந்தவருக்கு மறுபடி விழும் பயம். கோணிய வாயோடு தெருவில் போனால் நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்களே என்ற கூச்சம். நடைபாதை இல்லாத சாலையில் லாரிக்கும் பைக்குக்கும் நடுவே ஊன்றுகோலோடு எங்கே நடப்பது? இவை எல்லாம் சேர்ந்துதான் அவரை நாற்காலியில் அழுத்திப் பிடிக்கின்றன.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு ஒரு வழியைத் தொடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகிறது. வீட்டுக்கு வருகிறவருக்கு ஆஸ்பத்திரியில் தெரியாத ஒன்று தெரியும்: அந்த நாற்காலி.

வேர்க்கடலையும் விளம்பர இடைவேளையும்

நம் பெரியவரின் நாளுக்கே திரும்புவோம். அவர் காலைப் பயிற்சியைத் தொட வேண்டாம். மிச்ச நேரத்தை மட்டும் உடைப்போம்.

தண்ணீர்ச் சொம்பு அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். அறையின் மறுகோடியில் இருக்கட்டும். சிறிய டம்ளர் வையுங்கள். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பது என்று ஒரு வீட்டு விதி. நிற்க முடிந்தவர் அதே இடத்தில் கால் மாற்றி மிதிக்கலாம். முடியாதவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, பத்து எண்ணி, மெல்ல உட்காரலாம். எழுந்து உட்காருவதே தொடைக்கு நல்ல பயிற்சி. நாற்காலி வழுக்காமல் சுவரோடு ஒட்டி இருக்கட்டும்.

கைக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. வேர்க்கடலை உரிப்பது, புளியில் கொட்டை எடுப்பது, பூ கட்ட மொட்டுப் பொறுக்குவது. விழுந்த கை கடலையைப் பிடிக்கட்டும், நல்ல கை உடைக்கட்டும். முதல் நாள் பத்துக் கடலை போதும். வீட்டுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்திருந்தால் நிலைமை வேறு: சில வீடுகளில் அடுப்படிப் பக்கமே விடமாட்டார்கள், சில வீடுகளில் தேறுவதற்கு முன்பே முழு அடுப்படியையும் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். உட்கார்ந்து காய் நறுக்குவது, எழுந்து நின்று ஒரு பாத்திரம் அலசுவது என்று பங்கு பிரித்துக் கொடுங்கள்.

வெயில் இளகிய நேரத்தில் நடக்கட்டும். கூடப் போகிறவர் விழுந்த பக்கமாக நின்று, இடுப்பைத் தாங்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். நெஞ்சு வலி, தலைசுற்றல், புதிதாக மரத்துப்போதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் என்றால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். கையிருப்புக் கணக்கை மறக்க வேண்டாம். ஓய்வெடுத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்காக அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயல்வார். முதல் தரம் முடியாது. இரண்டாம் தரம் பாதி எழுந்து உட்கார்ந்துவிடுவார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனசு கேட்காது. சொம்பை எடுக்கக் கை தானாகப் போகும். எடுக்காதீர்கள். விழாதபடி பக்கத்தில் நில்லுங்கள், மூன்றாம் தரத்துக்குக் காத்திருங்கள்.